ஆயிரம் வருஷமும் ஒரு பள்ளிக்கூடமும்

ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

திருமங்கலம் பக்கம் எங்கள் சபைக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதில் ஒரு பள்ளிக்கூடம் கட்டலாம் என்று வாலிபர்கள் கேட்டோம். பாஸ்டர், "கிறிஸ்துவின் வருகை சமீபம், உலகம் இனி கெட்டுக்கொண்டேதான் போகும், கட்டடம் எதற்கு?" என்கிறார். நண்பன் ஒருவன் யூடியூபில் கேட்டுவிட்டு, கிறிஸ்து வருவதற்கு முன்பே சுவிசேஷத்தால் பூமியில் ஒரு பொற்காலம் வரும் என்கிறான். அது புதிதாகக் கிளம்பிய கள்ள உபதேசம் என்று பாஸ்டர் தள்ளிவிட்டார். அப்படித்தானா? நீங்கள் எந்தப் பக்கம்?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

புதிது இல்லை. நீங்கள் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற பசுமலையே அந்த நம்பிக்கையின் காற்றில் எழுந்ததுதான்.

1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகளை அனுப்பிய சங்கம் 1810-ல் நியூ இங்கிலாந்தில் தோன்றியது. பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ், அவருடைய மாணவர் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆகியோரின் போதனையில் ஊறிய சபைகள் அவை. ஹாப்கின்ஸ் 1793-ல், வெளிப்படுத்தின விசேஷம் 20 சொல்கிற கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சியைப் பற்றித் தனி நூலே எழுதினார். சுவிசேஷம் பரவப் பரவப் போர் ஒழியும், எல்லோரும் ஒரே மொழி பேசுவார்கள், கருவிகள் பெருகி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேர உழைப்பே போதும், இதெல்லாம் முடிந்த பிறகுதான் கிறிஸ்து வருவார் என்று அதில் இருக்கிறது. (இந்த மணிக்கணக்கை நம் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்.) 1818-ல் பம்பாயிலிருந்த இரண்டு மிஷனரிகள் கணக்கே போட்டுவிட்டார்கள்: இருபதாயிரம் பேருக்கு ஒருவர் வீதம் 30,000 மிஷனரிகள் இருந்தால் உலகமே மனந்திரும்பிவிடும்! பசுமலையில் 1840-களில் செமினரியும் 1881-ல் கல்லூரியும் எழுந்ததற்குப் பின்னால் இந்தத் துணிச்சலும் உண்டு.

அப்புறம், பாஸ்டர் சொல்கிற வரிசை. இரகசிய வருகை (விசுவாசிகளை எடுத்துக்கொள்ள கிறிஸ்து மறைவாக வருவது), ஏழு வருஷ உபத்திரவம், அதன் பிறகு ஆயிரம் வருஷம் என்ற அந்த அட்டவணை 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் வழியாக உருவாகி, 1909-ல் விளக்கக் குறிப்புகளோடு வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தால் ஊர் ஊராகப் பரவியது. கிறிஸ்து வந்த பிறகே ஆயிரம் வருஷம் என்பது மட்டும் மிகப் பழையது, இரண்டாம் நூற்றாண்டில் ஐரேனியஸ் என்ற பிஷப் சொன்னது. ஆக, யாரையும் புதிது என்று விரட்ட முடியாது. அகஸ்டின் இருவரோடும் சேராமல், அந்த ஆயிரம் வருஷம் இப்போது நடக்கிற திருச்சபையின் காலமே என்றார். கத்தோலிக்கர்களும் லூத்தரன்களும் பெரும்பாலும் அவர் பக்கம்.

நானும் அகஸ்டின் பக்கம்தான். பொற்காலக்காரர்களிடம் எனக்குப் பிடித்தது மத்தேயு 13-ஐ அவர்கள் வாசிக்கிற விதம். மூன்று படி மாவில் அடக்கிவைத்த புளித்த மா, முழுவதும் புளிக்கும் வரைக்கும் வேலை செய்கிறது. ஆனால் அடுத்து மத்தேயு 24-க்கு வந்ததும் அவர்கள் நெளிகிறார்கள். யுத்தம், பஞ்சம், அன்பு தணிந்துபோகுதல் என்று அங்கே வருகிற எல்லாவற்றையும் கி.பி. 70-ல் எருசலேம் அழிந்ததோடு முடித்துவிடப் பார்ப்பார்கள். பாதி பொருந்தும், பாதி பொருந்தாது. அதைவிடப் பெரிய சிக்கல், தங்கள் நாகரிகம் வளர்வதையே தேவனுடைய ராஜ்யம் வளர்வதாக எடுத்துக்கொண்டது. எட்வர்ட்ஸ் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) மதுரைச் சீமை செத்துக்கொண்டிருந்தபோது அதே நாகரிகத்தின் கப்பல்கள் சென்னையிலிருந்து தானியம் ஏற்றிக்கொண்டிருந்தன. 1914-ல் கிறிஸ்தவ நாடுகளே ஒன்றையொன்று கொன்று குவித்த பிறகு, மேற்கிலேயே இந்த நம்பிக்கை கேட்பாரற்றுப் போனது.

சரி, உங்கள் நிலத்துக்கு வருவோம். வருகை சமீபம் என்றால் கட்டக்கூடாது என்று யார் சொன்னது? வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை இருக்கிறது. அதை உருவாக்கிய ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், ஆங்கிலேய மிஷனரி அந்தோணி நாரிஸ் குரோவ்ஸோடு பழகியவர். இயேசு சீக்கிரம் வருவார் என்று காத்திருந்த பிரதரன் கூட்டத்தாரில் ஒருவர் குரோவ்ஸ். அந்த வழியில் வந்த அருளப்பன் ஒரு கிராமத்தையே எழுப்பினார். 1860-ல் அங்கே எழுந்த எழுப்புதலை உங்கள் பாஸ்டரே மேடையில் சொல்லியிருப்பார். அவரிடம் கேளுங்கள்.

பள்ளி வேண்டாம் என்பதற்கு நியாயமான காரணங்களும் இருக்கலாம். பணம் எங்கிருந்து வரும், ஆசிரியர்களுக்கு மாதாமாதம் சம்பளம் யார் தருவது, அரசு அங்கீகாரம் கிடைக்குமா, ஏற்கெனவே பக்கத்தில் இருக்கிற அரசுப் பள்ளி என்ன நிலையில் இருக்கிறது? கமிட்டியில் இவற்றைப் பேசுங்கள். வெளிப்படுத்தின விசேஷம் 20-ஐ வேதபாட வகுப்பில் வைத்துக்கொள்ளலாம்.