ஷவர் வடிகாலைச் சுற்றித் தரை டைல்ஸை எப்படி வெட்டிப் பதிப்பது? தண்ணீர் தேங்கக் கூடாது.

உதாரணத்துக்கு இந்த அளவுகளை எடுத்துக்கொள்கிறேன்: ஷவர் பகுதி 1200 × 900 மி.மீ., நடுவில் 150 மி.மீ. சதுர வடிகால், டைல் 600 மி.மீ. சதுரம்.

பெரிய டைலை முழுசாக வைத்து நடுவில் சதுர ஓட்டை போடலாமா என்று பலரும் நினைப்பார்கள். வேண்டாம். தரை நான்கு பக்கத்திலிருந்தும் வடிகாலை நோக்கி இறங்குகிறது. அறையின் (அதாவது ஷவர் பகுதியின்) ஒவ்வொரு மூலையிலிருந்தும் வடிகாலின் மூலைக்கு ஒரு மடிப்பு விழும். டைல் மடங்காது. மடிப்பின் மேல் முழு டைலை வைத்தால் ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும், அடியில் பொந்து விழும். அந்த மடிப்புக் கோட்டிலேயே டைலை வெட்ட வேண்டும்.

முதலில் வாட்டம். அறை மூலைக்கும் வடிகால் மூலைக்கும் இடையே சுமார் 645 மி.மீ. 1:60 வாட்டத்துக்கு (60 மி.மீ. தூரத்துக்கு 1 மி.மீ. இறக்கம்) 11 மி.மீ. இறக்கம் வேண்டும். சுவரோரம் நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் சுவர் டைலின் அடி வரிசை நேராக வரும். அப்படி வைத்தால் அதே 11 மி.மீ. குறுகிய பக்கத்தில் 375 மி.மீ.க்குள் இறங்கிவிடும், அங்கே வாட்டம் 1:34. காலுக்குத் தெரியும், ஆனால் தவறில்லை. கணக்கை எப்போதும் தூரமான மூலையிலிருந்து போடுங்கள். குறுகிய பக்கத்தை வைத்துப் போட்டால் மூலைகளில் தண்ணீர் நிற்கும். சரிபார்க்க 600 மி.மீ. ரசமட்டத்தின் தாழ்ந்த முனைக்கு அடியில் 10 மி.மீ. துண்டு ஒன்றை ஒட்டி, மடிப்புக் கோட்டின் மேல் வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் 1:60.

வாட்டத்தை டைலுக்கு அடியில் போடும் சிமெண்ட் கலவையிலேயே எடுத்துவிட வேண்டும், டைல் பசையை ஏற்றி இறக்கி அல்ல. தடிமனான பசை காயும்போது சுருங்கி டைலைக் கீழே இழுக்கும். இன்னொரு காரணமும் உண்டு. கிரவுட் (டைல்களின் இடைவெளியை நிரப்பும் கலவை) வழியாகக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அது வாட்டர்ப்ரூஃப் பூச்சின் மேல் ஓடி வடிகாலுக்கு வர வேண்டும். பூச்சு மட்டமாக இருந்தால் அது டைலுக்கு அடியிலேயே தங்கி நாறும். பூச்சை வடிகாலின் விளிம்புத் தட்டின் மேல் வரை ஏற்றி ஒட்டுங்கள். காய்ந்ததும் வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். இதைத் தாண்டாமல் டைலைத் தொடாதீர்கள்.

இனி வெட்டு. இணைப்புக் கோடுகள் இரண்டும் வடிகாலின் நடுவில் வெட்டிக்கொள்ளும்படி உலர்வாக அடுக்குங்கள். நான்கே டைல் போதும்; சுவரோர இடைவெளி 3 முதல் 5 மி.மீ. விட்டு, ஒவ்வொன்றையும் ஏறக்குறைய 600 × 450க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். வடிகால் சட்டத்தைச் சுற்றி 3 மி.மீ. விட்டு, ஒவ்வொரு டைலின் உள்மூலையிலும் சிறு சதுரம் குறியுங்கள். பிறகு அறை மூலையிலிருந்து அந்தச் சதுரத்தின் மூலை வழியாக, கழிவாகப் போகும் பகுதிக்குள்ளும் நீளும்படி ஒரு நேர்கோடு.

சதுரத்தை முதலில் வெட்டாதீர்கள். நீண்ட கோட்டை முதலில் அறுங்கள். இரண்டு துண்டாகும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரே ஒரு நேர்வெட்டு போட்டால் போதும். எல் வடிவ வெட்டே வராது, அதன் உள்மூலையில் விரிசல் விழும் பயமும் இல்லை. (மடிப்பு இல்லாத இடத்தில் எல் வெட்டு போட்டே ஆக வேண்டுமென்றால் உள்மூலையில் 6 மி.மீ. துளை போட்டு, வெட்டை அதில் முடியுங்கள்.) பிளேடு தின்னும் ஒன்றரை, 2 மி.மீ. வீணல்ல, அதுவே கிரவுட் இடைவெளியாகிறது. பல் இல்லாத முழு விளிம்பு டைமண்ட் பிளேடு, தண்ணீர் விட்டு, மெதுவாக. நுனி கூராக இருப்பதால் கடைசி 20 மி.மீ.யில்தான் சிம்பு தெறிக்கும். அங்கே அழுத்தத்தைக் குறையுங்கள். வெட்டிய விளிம்பை டைமண்ட் பேடால் லேசாகத் தேயுங்கள், இது வெறுங்கால் படும் இடம்.

பதிக்கும்போது பல் கரண்டியால் பசையை ஒரே திசையில் இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லப் பூசுங்கள். முதல் துண்டை வைத்ததும் தூக்கிப் பாருங்கள். முதுகில் 95 சதவீதமாவது ஒட்டியிருக்க வேண்டும். வடிகாலை ஒட்டிய துண்டுகளில் ஒரு பொந்துகூடக் கூடாது. புள்ளி புள்ளியாகக் கலவை வைப்பது இங்கே அறவே ஆகாது. டைலின் மேல்பரப்பு வடிகால் சட்டத்தைவிட 1 மி.மீ. உயரமாக நிற்கட்டும். சட்டம் உயர்ந்துவிட்டால் அதைச் சுற்றி எப்போதும் ஒரு வளையம் தண்ணீர் நிற்கும், பிறகு திருத்த வழியில்லை. ஆகவே 9 மி.மீ. டைல், 4 மி.மீ. பசை என்றால் சட்டத்தைப் பூச்சுக்கு மேல் 12 மி.மீ.யில் நிறுத்துங்கள். ஜாலியைக் கழற்றிவிட்டு வாயை டேப்பால் மூடுங்கள்; ஆனால் சட்டத்தின் அடியில் உள்ள கசிவுத் துளைகளில் பசை புகக் கூடாது.

மறுநாள் கிரவுட். எபாக்சி கிரவுட் எளிதில் கறை பிடிக்காது, ஆனால் வாட்டர்ப்ரூஃப் பூச்சுக்கு மாற்றாகாது. சட்டத்தைச் சுற்றியும் சுவர்-தரை மூலையிலும் கிரவுட் வேண்டாம், சிலிகான் மட்டும். உலோகமும் சுவரும் அசையும்போது கிரவுட் வெடிக்கும்.

இவ்வளவு வெட்டு வேண்டாம் என்றால் இரண்டு வழி உண்டு. 50 மி.மீ. மொசைக் போட்டால் அது மடிப்போடு வளைந்து போகும், நிறைய கிரவுட் கோடு இருப்பதால் வழுக்கலும் குறையும். இல்லையேல் வடிகாலைச் சுவரோர நீள வடிகாலாக மாற்றுங்கள். தரை ஒரே சரிவாகிவிடும், முழு டைல் அப்படியே உட்காரும்.