துப்பாக்கியும் குதிரையும் மட்டும் போதவில்லை

சில நூறு ஸ்பானியர்கள் இன்றைய மெக்சிகோவில் இருந்த அஸ்டெக் பேரரசை எப்படி வீழ்த்தினார்கள், துப்பாக்கியும் குதிரையும் போதுமா என்று மகளின் பள்ளிக் கட்டுரைக்காகக் கேட்டிருக்கிறீர்கள். போதவே போதாது. முதலில் திலாஸ்கலா மக்களைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். அஸ்டெக்குகளின் பழம்பகைவர்களான அவர்கள் ஆயிரக்கணக்கில் ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் பக்கம் நின்றார்கள். அஸ்டெக் தலைநகரான தெனோச்தித்லான் ஏரி நடுவே இருந்த நகரம். அதை வளைக்க 13 படகுகளுக்கான பாகங்களைத் தங்கள் ஊரிலிருந்து மலைவழியே சுமந்து வந்ததும் அவர்கள்தான். சப்புல்தெபெக் ஊற்றிலிருந்து நகருக்கு வந்த குடிநீர்க் கால்வாய் உடைக்கப்பட்டது. சுற்றிலும் ஏரி, குடிக்க நீரில்லை!  1520இல் பரவிய பெரியம்மை புதிய அரசர் குயித்லாஹுவாக்கையே பலிகொண்டது. 1521 ஆகஸ்ட் 13இல் நகரம் வீழ்ந்தது. விளைவுகளில், அந்த இடிபாடுகளின் மேலேயே மெக்சிகோ நகரம் எழுந்ததையும், அடுத்தடுத்த கொள்ளைநோய்களில் மக்கள்தொகை சரிந்ததையும் சேர்க்கலாம்.