நாட்டார் மட்பாண்ட மரபைப் பின்பற்றினால் இழந்த படைப்பூக்கம் திரும்புமா?

ஒருகாலத்தில் வரைந்துகொண்டிருந்த உங்களுக்கு இப்போது கை எழவில்லை என்றும், நாட்டார் மரபையொட்டி மட்பாண்டம் செய்யப் பழகினால் அது மீளுமா, அல்லது பிறர் வடிவங்களை நகலெடுப்பதோடு நின்றுவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மீண்டது, அதுவும் நகலெடுத்ததால்தான் மீண்டது.

பதினோரு ஆண்டுகள் நான் ஒரு கோடுகூட வரையவில்லை. தாளை எடுத்தால், இதுவரை யாரும் வரையாததை வரைய வேண்டுமே என்ற எண்ணம் வந்து கையைக் கட்டிவிடும். மண் பிசையத் தொடங்கிய முதல் மாதங்களிலும் அந்தத் தடை நீங்கவில்லை. அதை நீக்கியவை ஜப்பானியக் குயவர் ஹமாதா ஷோஜியின் கலங்கள். பெயரறியாக் கைவினைஞர்கள் அன்றாடப் புழக்கத்திற்காகச் செய்த பொருள்களின் அழகைச் சுட்ட, 1925-இல் 'மிங்கெய்' என்ற சொல்லை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். ஒக்கினாவாவில் கண்ட கரும்பைச் சில தூரிகை வீச்சுகளாகச் சுருக்கி, அதே உருவத்தைப் பல பத்தாண்டுகள் வரைந்துவந்தார். அத்தனை முறை வரைந்தும் அது அலுக்கவில்லை என்பதைக் கண்டபோது, புதுமை என் கடமையன்று என்று முதன்முறையாகத் தோன்றியது.

நான் எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் பழைய நாட்டார் தட்டுகளில் காணப்படும் இறகுக் கோலம். தட்டையான மண்பலகையின் மேல் கருநிறக் களிமண் குழம்பை ஊற்றி, அது ஈரமாக இருக்கும்போதே வெண்குழம்பால் இணைகோடுகள் இழுத்து, அவற்றின் குறுக்கே இறகு நுனியை மெல்ல நகர்த்தினால் கோடுகள் அலையலையாக வளையும். குழம்பு சில நிமிடங்களில் இறுகிவிடும் என்பதால் தயங்க நேரமில்லை. தயங்கினால் அந்த இடத்தில் கோடு தடித்துவிடும். ஒரே அளவில், ஒரே கோலத்தில் நாற்பது தட்டுகள் செய்தேன். முப்பதைத் தாண்டிய பிறகு, கோடுகள் எல்லாம் வலப்புறமாகச் சற்றே சாய்வதைக் கவனித்தேன். இளம்வயதில் நான் வரைந்த மரங்களும் அப்படித்தான் சாய்ந்திருக்கும். கோலம் வேறொரு நாட்டுக் குயவருடையது. சாய்வு மட்டும் என்னுடையது.

ஆகவே ஒரு வடிவத்தையும் ஒரு கோலத்தையும் தேர்ந்துகொண்டு, மாற்ற வேண்டும் என்ற ஆசை எழுந்தாலும் சில மாதங்கள் மாற்றாமல் இருங்கள். ஒரு சமூகம் வழிபாட்டுக்கென்று வைத்திருக்கும் உருவங்களை மட்டும் எடுக்க வேண்டாம். எதை எடுத்தாலும் அது எந்த மரபிலிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுங்கள். தொடக்கத்தில், தட்டு செய்யும் அதே மண்ணைக் கரைத்தே குழம்பாக்குங்கள். இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் உலரும்போதோ சூளையிலோ பூச்சு உரிந்துவிடும். என் முதல் எட்டுத் தட்டுகள் அப்படித்தான் வீணாயின.

இப்போது தாளிலும் வரைகிறேன், பெரும்பாலும் மரங்களை.