வாசகர் கேள்வி பதில்: அமெரிக்க இலக்கியமும் நிறவெறியும்

கேள்வி: உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகளுக்கு ஹார்ப்பர் லீ எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ ஆங்கில இலக்கியப் பாடநூலாக இருக்கிறது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல் அதில் அடிக்கடி வருகிறது. வகுப்பில் அதை வாசித்தபோது சில மாணவர்கள் சிரித்தார்களாம். மறுநாள் இடைவேளையில் ஒரு தமிழ்ப் பையனை அதே சொல்லால் கூப்பிட்டார்கள் என்று சொல்லி அழுதாள். இப்படிப்பட்ட நூல்களைப் பள்ளியில் வைக்கத்தான் வேண்டுமா?
– ஒரு தாய், ஈசூன்

பதில்: முதலில் அந்தப் பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நடந்ததை வகுப்பாசிரியரிடம் நீங்களே தெரிவியுங்கள் அம்மா. அவனுடைய பெற்றோர் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இத்தகைய அவமானத்தைப் பிள்ளைகள் வீட்டில் சொல்வதே அரிது. கூட இருந்து பார்த்த உங்கள் மகளின் வாய்மொழி அவனுக்குப் பெரிய துணை.

நூலை விலக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லை மட்டும் நீக்கிப் பார்த்தவர்களும் உண்டு. மார்க் ட்வெயினின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் இருநூறு முறைக்கு மேல் வரும் அச்சொல்லுக்குப் பதிலாக ‘அடிமை’ என்று போட்டு 2011இல் அமெரிக்காவில் ஒரு பதிப்பு வெளிவந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடிமை என்பது ஒருவர் வைக்கப்பட்டிருந்த நிலையைக் குறிக்கிறது. அந்த வசைச்சொல்லோ, 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகும் அவருடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் துரத்திக்கொண்டே வந்தது. அச்சில் இருப்பது இருக்கட்டும். ஆனால் ஆசிரியர் அதை உரக்க வாசிக்க வேண்டியதில்லை. அந்த இடம் வரும்போது நிறுத்தி, ஏன் வாய்விட்டுச் சொல்லவில்லை என்று விளக்கியிருந்தால், அந்தச் சிரிப்பு அன்றே அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

நாவலின் கதை 1930களின் அலபாமாவில் நடக்கிறது. டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி, வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியை வன்கொடுமை செய்ததாகப் பொய்க் குற்றச்சாட்டில் சிக்குகிறான். இடக்கை செயலற்ற அவனால் அவள் முகத்தின் வலப்பக்கத்தில் அப்படி அடித்திருக்க முடியாது என்பது மன்றத்தில் எல்லாருக்கும் கண்கூடாகத் தெரிகிறது. அவன் தோற்பது வேறோர் இடத்தில். கூலி வாங்காமல் அவளுக்கு ஏன் வேலை செய்து கொடுத்தாய் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் குடைகிறார். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று டாம் வெள்ளந்தியாகச் சொல்லிவிடுகிறான். அந்த ஒரு வார்த்தையில் மன்றமே இறுகிப்போகிறது. இரக்கம் என்பது மேலே இருப்பவர் கீழே இருப்பவர்மீது காட்டுவது. கறுப்பன் ஒருவன் வெள்ளைக்காரிக்காக இரங்கினால் அவர்கள் கண்ணில் அது திமிர். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்தக் குற்றத்துக்காகத்தான் அவன் தண்டிக்கப்படுகிறான் என்றே நான் வாசிக்கிறேன். மகளோடு உட்கார்ந்து அந்தப் பக்கங்களை மட்டுமாவது படியுங்கள்.

இது பழைய கதை என்று ஒதுக்குவதற்கில்லை. 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தைக் காவல் அதிகாரி ஒருவர் 9 நிமிடம் 29 விநாடி முழங்காலால் அழுத்திக் கொன்றார். காவல்துறையின் முதல் அறிக்கையோ, காவலர்களோடு ஏற்பட்ட சந்திப்பின்போது ஒருவர் உடல்நலக் கோளாறால் இறந்தார் என்றுதான் சொன்னது. உண்மையை உலகம் அறிந்ததற்கு, பக்கத்தில் நின்ற 17 வயதுப் பெண் கைப்பேசியை இறக்காமல் படம் பிடித்ததே முக்கியக் காரணம். உங்கள் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள், அவ்வளவுதான்.

நாவலின் மீது எனக்கொரு குறையும் உண்டு. எல்லாவற்றையும் ஒரு வெள்ளைச் சிறுமியின் கண்வழியாகவே பார்க்கிறோம். டாம் தன் வாயால் பேசுவது பெரும்பாலும் சாட்சிக் கூண்டில் மட்டும்தான். வீட்டுவேலை செய்யும் கல்பூர்னியா, தேவாலயத்தில் தன் மக்களோடு ஒரு விதமாகவும் வெள்ளையர் வீட்டில் வேறு விதமாகவும் பேசுவதைக் கேட்டு அந்தச் சிறுமி வியக்கிறாள். அலுவலகத்தில் ஓர் ஆங்கிலம், மின்தூக்கியில் அம்மாவோடு தமிழ், அதையும் அடுத்தவர் உள்ளே வந்ததும் தணிந்த குரலில் பேசிப் பழகிய நம்மில் பலருக்கு அதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1903லேயே இதை ‘இரட்டை உணர்வு’ என்று எழுதிவிட்டார். வேலை முடிந்து தன் வீட்டுக்கு நடந்து போகையில் கல்பூர்னியா என்ன நினைத்தாள்? நாவல் அவளோடு அங்கே போகவில்லை. அதற்குக் கறுப்பின எழுத்தாளர்களிடம்தான் போகவேண்டும். பள்ளி ஒரு நூலைத்தான் வைக்கிறது என்றால், இரண்டாவது நூலை நீங்கள் நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

கேள்வி: 1964இலேயே பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைச் சட்டம் வந்துவிட்டது. 2008இல் ஒபாமாவை அதிபராகத் தேர்ந்தெடுத்தார்கள். இன்னும் நிறவெறி என்று பேசுவது மிகைதானே?
– வாசகர், பிடோக்

பதில்: மிகை இல்லை ஐயா. வீட்டை வைத்துப் பாருங்கள், விளங்கிவிடும். சிங்கப்பூரில் அப்பா அம்மா வாங்கிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் எப்படித் தோள்கொடுத்தது என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் 1930களில் அரசு அமைப்பு ஒன்று நகர வரைபடங்களுக்குப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நான்கு வண்ணம் தீட்டியது. கறுப்பினத்தவர் வாழ்ந்த வட்டாரங்களுக்கு ஏறக்குறைய எப்போதும் சிவப்புதான். அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று பொருள். வெள்ளையர் புறநகர்களில் அரசு உத்தரவாதத்தோடு கடன் பெற்று வீடு வாங்கிய தலைமுறையில், இவர்கள் வாடகை கட்டினார்கள். வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு வாரம் கழித்து, 1968 ஏப்ரலில்தான் கையெழுத்தானது. 2022இல் அமெரிக்க மத்திய வங்கி நடத்திய ஆய்வின்படி, வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து மதிப்பு 285,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தின் மதிப்பு 44,900 டாலர். உள்ளூர்ச் சொத்துவரியில் கணிசமான பங்கு அந்தந்த வட்டாரப் பள்ளிக்கே போவதால், அந்த வேறுபாடு பிள்ளையின் வகுப்பறை வரை வந்து உட்கார்ந்துவிடுகிறது.

கேள்வி: எங்கள் மகன் மேற்படிப்புக்காக ஆகஸ்டில் சிகாகோ செல்கிறான். அங்குள்ள உறவினர்கள், “கறுப்பர் இருக்கும் பக்கம் போகாதே, அவர்களோடு பழகாதே” என்று இப்போதே அறிவுரை சொல்கிறார்கள். கேட்கச் சங்கடமாக இருக்கிறது. அவன் பாதுகாப்பும் முக்கியம். என்ன சொல்லி அனுப்புவது?
– பெற்றோர், தெம்பனிஸ்

பதில்: எந்தத் தெருவில் எந்த நேரத்தில் கவனம் தேவை என்பதைப் பல்கலைக்கழகத்திடம் கேட்டுக்கொள்ளட்டும். அது இடத்தையும் நேரத்தையும் பற்றிய தகவல். உறவினர்கள் சொல்வது வேறு, அது ஒரு மக்களையே ஒதுக்குவது. நாமும் அங்கே ஒதுக்கப்பட்டவர்கள்தான்.

பஞ்சாபில் பிறந்து முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்ட், தாம் உயர்சாதி, ஆரியர், ஆகவே வெள்ளையர் என்று வாதிட்டுக் குடியுரிமை கேட்டார். 1923இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்தியர்கள் பெருமளவில் அந்நாட்டுக்குப் போக வழிவிட்ட குடிநுழைவுச் சட்டம் 1965 அக்டோபரில் வந்தது. கறுப்பின மக்கள் அடிபட்டு, உயிர்கொடுத்துப் பெற்ற வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவர்கள் நடத்திய போராட்டம்தான் அந்தக் கதவையும் திறக்க வைத்தது. அதே கதவு வழியாகப் போன நாம் அவர்களோடு பழகாதே என்று பிள்ளைக்குச் சொல்லலாமா? நாம் சாதியையும் கொண்டுபோனோம். 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

“கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்று பெண் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். அந்த ‘இருந்தாலும்’ அந்தப் பெண்ணின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் 1970இல் எழுதிய ‘தி புளூயஸ்ட் ஐ’ அப்படிப்பட்ட ஒரு சிறுமியின் கதை. நீலக் கண்கள் கிடைத்தால் எல்லாரும் தன்னை நேசிப்பார்கள் என்று நம்பும் பெக்கோலா, மூன்று காசை எடுத்துக்கொண்டு மிட்டாய் வாங்கப் போகிறாள். கடைக்காரர் அவள் இருக்கும் திசையில் பார்க்கிறார். ஆனால் அவளைப் பார்க்கவில்லை. அவள் நீட்டிய காசை எடுப்பதற்கு, அவள் கையைத் தொட நேருமே என்று தயங்குகிறார். வாங்கிய ஒன்பது மிட்டாய்களின் தாளிலும் நீலக் கண்ணுள்ள வெள்ளைச் சிறுமி ஒருத்தியின் படம்.

சிறிய நாவல்தான், ஆகஸ்டுக்குள் மகன் படித்துவிடலாம். உறவினர்களுக்கு அவனே பதில் சொல்லிக்கொள்வான்.