வீடியோ கலையில் நினைவையும் பகற்கனவையும் எப்படிக் காட்டுவது? கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டே தொடங்க முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் ஒரு வேண்டுகோள்: படத்தைப் பழையதாக்காதீர்கள். நினைவு என்றதும் பழுப்பு நிறம் பூசிக் கீறல் விழவைத்துப் புல்லாங்குழலை ஓடவிடுகிறார்கள். நினைவு யாருக்கும் பழுப்பாக வருவதில்லை. அதில் குழம்புவது காலம்தான். ஒரு கணம் அப்படியே நின்றுவிடுகிறது, சுற்றியுள்ளதெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தது, அமெரிக்கக் கலைஞர் பில் வயோலா 1977-79இல் உருவாக்கிய ‘தி ரிஃப்ளெக்டிங் பூல்’. ஏழு நிமிடப் படம். மரங்களுக்கு நடுவே ஒரு குளம். கரைக்கு வரும் மனிதர் தண்ணீரை நோக்கிப் பாய்கிறார், உடல் சுருண்ட நிலையில் அந்தரத்திலேயே உறைந்துவிடுகிறார். கீழே தண்ணீர் மட்டும் அலைகிறது. கரையில் ஆள் இல்லை, தண்ணீரிலோ பிம்பம் நடந்துபோகிறது. கேமராவை அசைக்காமல் ஒரே கோணத்தில் தனித்தனியாக எடுத்தவற்றை இணைத்திருக்கிறார், அவ்வளவுதான். சிறுவயதில் ஏரியில் மூழ்கிப் பிழைத்தவர் அவர். கடைசிவரை தண்ணீரை விடவில்லை.

நமக்குத் தண்ணீருக்கா பஞ்சம்? சுசீந்திரம் தெப்பக்குளம் இருக்கிறது, மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் ஓடும் கால்வாய் இருக்கிறது. விவேகானந்தர் பாறையையும் சூரிய உதயத்தையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவற்றை ஊரே எடுத்துவிட்டது, உங்கள் நினைவு நுழைய அங்கே இடமில்லை.

நான் எடுத்தது தோவாளையில், என் ஆச்சி பிச்சிப்பூ கட்டுவதை. இடது கை விரல்களுக்குள் மொட்டுகளைக் காம்போடு காம்பு சேர்த்து அடுக்குவார். வலது கை ஈர வாழைநாரைச் சுற்றி ஒரு இழுப்பில் முடிச்சிடும். கண்கள் மட்டும் வாசலுக்கு அப்பால் எங்கோ இருக்கும். பகற்கனவு என்றால் எனக்கு அந்த முகம்தான்.

கைகளைக் கைபேசியில் வினாடிக்கு 120 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்) வைத்து எடுத்து, வினாடிக்கு 24 ஃபிரேமாக ஓட்டினேன், வேகம் ஐந்தில் ஒன்றாகிவிடும். முகத்தை அதன் இயல்பான வேகத்திலேயே விட்டேன். இரண்டையும் வீட்டுச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் காட்டியபோது ஆச்சி கேட்டார்: “அது யார் கை, மக்களே? எங்கள் அம்மையின் கை மாதிரி இருக்கிறதே.” பிறகு, விடியுமுன் அம்மையோடு பூக்கூடை சுமந்து சந்தைக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். அந்தப் பேச்சைப் பதிவு செய்து, படத்துக்கு ஒலியாக அதையே வைத்தேன். பேசும் முகம் திரையில் கிடையாது. வேறு இசையும் சேர்க்கவில்லை.

வேகத்தைக் குறைப்பதிலும் நிதானம் வேண்டும். எல்லாவற்றையும் மெதுவாக்கினால் அது கல்யாண வீடியோ ஆகிவிடும். வயோலா 1995இல் செய்த ‘தி கிரீட்டிங்’கில் மூன்று பெண்கள் சந்திக்கும் 45 வினாடி நிகழ்வு பத்து நிமிடமாக நீள்கிறது. அந்த நீளத்தில்தான் ஒரு பார்வை விலகுவதும் சேலைபோலத் துணி காற்றில் எழுவதும் கண்ணுக்குப் படுகின்றன. மெதுவாக்கும்போது புதிதாக எதுவும் தெரியவில்லையென்றால் பழைய வேகமே நல்லது.

கேமராவுக்குச் செலவழிக்க வேண்டாம், கைபேசி போதும். காசிருந்தால் கனமான முக்காலி வாங்குங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் அடிக்கும் காற்றில் லேசான முக்காலி நிற்காது. கோணம் துளி நகர்ந்தாலும் வேறு வேறு நேரத்தில் எடுத்தவை ஒன்றோடொன்று பொருந்தாது.