அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வரல, மறதி நோய் வந்துடுமா?

கேள்வி: டாக்டர், எங்க அம்மாவுக்கு 71 வயசு. ராத்திரி 2 மணிக்கே முழிச்சுக்கிறாங்க, அப்புறம் விடியிற வரைக்கும் புரண்டுகிட்டே இருக்காங்க. அப்பா இறந்தப்ப எழுதிக் கொடுத்த அல்பிரசோலம்ங்கிற தூக்க மாத்திரையை அதே பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல்ல வாங்கி இன்னமும் போடுறாங்க. இப்ப சாவியை எங்க வச்சோம்னு மறக்குறாங்க. தூக்கம் இல்லன்னா டிமென்ஷியா, அதான் மறதி நோய், வரும்னு படிச்சேன், ரொம்ப பயமா இருக்கு.
- வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்க படிச்சதுல உண்மை இருக்கும்மா, ஆனா பாதிதான். பிரிட்டன்ல கிட்டத்தட்ட 8,000 அரசு ஊழியர்களை 25 வருஷம் கவனிச்ச வைட்ஹால் ஆய்வு 2021ல வந்துச்சு, அதுல 50 வயசுல இருந்தே தொடர்ந்து 6 மணி நேரமோ அதுக்கும் குறைவாவோ தூங்கினவங்களுக்கு, 7 மணி நேரம் தூங்கினவங்களைவிட டிமென்ஷியா ஆபத்து 30 சதவீதம் அதிகம்னு தெரிஞ்சுது. ஆனா தூக்கம்தான் காரணம்னு அது நிரூபிக்கல, ஏன்னா மறதி வெளிய தெரியிறதுக்குப் பல வருஷம் முன்னாடியே மூளையில நோய் ஆரம்பிச்சு அதுவே தூக்கத்தைக் கெடுக்கலாம்.

அம்மா எத்தனை மணிக்குப் படுக்கிறாங்க? 8 மணிக்கே படுத்தா 2 மணிக்கு 6 மணி நேரத் தூக்கம் முடிஞ்சிருச்சு, மத்தியானத் தூக்கமும் சேர்ந்தா கணக்கு சரியாவே இருக்கும். 10 மணிக்குப் படுக்கச் சொல்லுங்க, பகல்ல அரை மணி நேரம் போதும், சாயங்காலக் காபி வேண்டாம், பிரஷருக்கு நீர் மாத்திரை ராத்திரி போட்டா டாக்டர்கிட்ட கேட்டு காலைக்கு மாத்துங்க.

எனக்குக் கவலை அந்த அல்பிரசோலம்தான். வயசானவங்க உடம்புல அது சீக்கிரம் வெளியேறாது, மறுநாளும் மந்தமா இருக்கும், மறதி வரும், ராத்திரி பாத்ரூம் போறப்ப விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு வந்தவங்களை நான் நிறைய பாத்திருக்கேன். சாவி மறக்குறதுக்கே அது காரணமா இருக்கலாம். ஆனா தயவு செஞ்சு நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, வலிப்பு வரைக்கும் போகும், டாக்டர் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்.

குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு திணறி எழுந்திருக்காங்களான்னு ஒரு ராத்திரி பக்கத்துல படுத்து கவனிங்க, அப்படி இருந்தா ஸ்லீப் டெஸ்ட் அவசியம், அந்த நிலைமையில தூக்க மாத்திரை இன்னும் ஆபத்து. பழகின தெருவுலயே வழி தடுமாறுறாங்க, தினம் வைக்கிற குழம்பு முறையே மறக்குதுன்னா நரம்பியல் டாக்டரைப் பாருங்க, வைட்டமின் பி12, தைராய்டு டெஸ்டும் எடுத்துடுங்க. போறப்ப அம்மா போடுற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு கொண்டு போங்க.