பழைய பிபிஎக்ஸ், இணைய லைன், வராத காலர் ஐடி: கேள்வி பதில்

கேள்விகளுக்குப் போகுமுன் ஒன்று. இணைய லைனில் வரும் அழைப்பவரின் எண் (காலர் ஐடி) மேசைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு முறை உருமாறுகிறது. சேவை நிறுவனத்திடமிருந்து எஸ்ஐபி செய்திக்குள் (இணைய அழைப்பை ஏற்படுத்தும் செய்தி) எழுத்தாக வருகிறது. இணைய லைனைச் சாதாரண தொலைபேசிக் கம்பியாக மாற்றும் ஏடிஏ பெட்டி அதை ஒலியாக்கிச் செம்புக் கம்பியில் அனுப்புகிறது. அலுவலகத்தின் உள் இணைப்பகமான பிபிஎக்ஸில், வெளி லைன்கள் வந்து சேரும் ட்ரங்க் கார்டு அந்த ஒலியைக் கேட்டு மறுபடி எண்ணாக்குகிறது. எந்த இடத்தில் தொலைகிறது என்று பார்க்காமல் பிபிஎக்ஸ் புரோகிராமில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: சார், பழைய லைனை விட்டு இணைய லைனுக்கு மாறிய நாளிலிருந்து எந்த எக்ஸ்டென்ஷனிலும் (உள் தொலைபேசி) எண் தெரிவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஏடிஏவிலிருந்து பிபிஎக்ஸுக்குப் போகும் கம்பியைக் கழற்றுங்கள். காலர் ஐடி திரை உள்ள சாதாரண தொலைபேசி ஒன்றை ஏடிஏ போர்ட்டில் நேராகச் செருகி, கைபேசியிலிருந்து அழையுங்கள். எண் தெரிந்தால் ஏடிஏ வரை எல்லாம் சரி, கோளாறு பிபிஎக்ஸ் பக்கம்.

தெரியாவிட்டால் எஸ்ஐபி செய்தியைப் பாருங்கள். ஏடிஏவின் சிஸ்லாக் (அது எழுதிவைக்கும் பதிவு) போதும். மறையாக்கம் இல்லாத இணைப்பாக இருந்தால் வலைப் போக்குவரத்தைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் எஸ்ஐபி செல்லும் 5060 போர்ட்டைப் பிடிக்கலாம். உள்ளே வரும் இன்வைட் செய்தியில் (அழைப்பைத் தொடங்கும் எஸ்ஐபி செய்தி) 'ஃப்ரம்' வரியில் எண் இருக்கிறதா? அங்கே 'அனானிமஸ்' என்றிருந்தால் 'பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டி' வரியையும் தேடுங்கள். சில நிறுவனங்கள் உண்மையான எண்ணை அங்கேதான் வைக்கின்றன. எந்த வரியைப் படிக்க வேண்டும் என்று ஏடிஏவில் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. இரண்டிலும் இல்லையென்றால், அழைத்தவர் எண்ணை மறைத்திருக்கிறாரா என்று வேறொரு கைபேசியிலிருந்தும் அழைத்துப் பார்த்துவிட்டு நிறுவனத்திடம் பேசுங்கள்.

கேள்வி: அந்தச் சோதனையில் தொலைபேசியில் எண் தெரிகிறது. பிபிஎக்ஸில் செருகினால் மட்டும் இல்லை.

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மூன்று காரணங்கள் உண்டு. இதே வரிசையில் பாருங்கள்.

முதலில், உங்கள் ட்ரங்க் கார்டில் காலர் ஐடி படிக்கும் சர்க்யூட்டே இல்லாமல் இருக்கலாம். பழைய பெட்டிகள் பலவற்றில் அது தனியாக வாங்கிப் பொருத்தும் சிறு கார்டு. உதாரணமாக பானாசோனிக் கேஎக்ஸ்-டிஇஎஸ்824 பெட்டிக்கான கேஎக்ஸ்-டிஇ82493 கார்டு மூன்று லைன்களுக்கு மட்டுமே. "மூன்று லைனில் வருகிறது, நான்காவதில் வரவில்லை" என்றால் கார்டுகளை எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, அவசரமாக எடுத்துவிடுவது. பெல்கோர் எனும் அமெரிக்க காலர் ஐடி முறையில் எண் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில்தான் வருகிறது. 2 விநாடி மணி, 4 விநாடி அமைதி. அந்த அமைதிக்குள்தான் தரவு. தானாகப் பதிலளிக்கும் ஆட்டோ அட்டெண்டண்ட் முதல் மணியிலேயே எடுத்தால் எண் வர வாய்ப்பே இல்லை. இரண்டாவது ரிங் தொடங்கிய பிறகு எடுக்கும்படி பதில் தாமதத்தைக் கூட்டுங்கள்.

மூன்றாவது, எண்ணை ஒலியாக்கும் வகையின் பொருத்தம். பெல்கோர் பயன்படுத்தும் பெல் 202 முறையில் 1200, 2200 ஹெர்ட்ஸ் ஒலிகள், வி.23 முறையில் 1300, 2100. இன்னொன்று டிடிஎம்எஃப் (பொத்தான் அழுத்தும்போது கேட்கும் ஒலிகள்), அது பெரும்பாலும் மணி அடிக்கும் முன்பே வந்துவிடும். ஏடிஏ அனுப்புவதும் கார்டு எதிர்பார்ப்பதும் ஒரே வகையாக இருக்க வேண்டும். பெல்லும் வி.23-உம் நெருங்கிய ஒலிகள் என்பதால், தவறான வகையையும் சில கார்டுகள் அவ்வப்போது படித்துவிடும். வருவதும் வராததுமாக இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். மாற்ற வேண்டியதை ஏடிஏவில் மாற்றுங்கள். பழைய கார்டை விட அதில்தான் தேர்வுகள் அதிகம்.

கேள்வி: இணைய வேகம் குறைவு என்பதால் பேச்சைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 கோடெக் வைத்திருக்கிறோம். காலர் ஐடி அதனால்தான் கெடுகிறது என்றார்கள். சுருக்கம் குறைந்த ஜி.711-க்கு மாற்றவா?

இதற்காக மாற்ற வேண்டாம். காலர் ஐடி ஒலி இணையம் வழியாக வருவதே இல்லை. எஸ்ஐபி செய்தியைப் படித்து ஏடிஏ தானே உருவாக்குகிறது. கோடெக்குக்கு அதில் வேலையில்லை. ஃபேக்ஸ் விஷயம் வேறு, அங்கே ஜி.711 தேவைப்படும்.

கேள்வி: எண் வருகிறது, ஆனால் முன்னால் + குறியும் நாட்டுக் குறியீடும் சேர்ந்து வருகின்றன. தவறிய அழைப்புப் பட்டியலிலிருந்து திருப்பி அழைத்தால் போகவில்லை.

சர்வதேச வடிவில் எண் 15 இலக்கம் வரை நீளலாம். பழைய பிபிஎக்ஸ் + குறியைக் கண்டால் அதை விழுங்கிவிடும், அல்லது முழு எண்ணையுமே காட்டாது. உள்நாட்டு வடிவில் அனுப்பச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள். முடியாதென்றால் பிபிஎக்ஸின் காலர் ஐடி மாற்று அட்டவணையில் முன்னிலக்கங்களை நீக்குங்கள். திருப்பி அழைக்க வெளி லைன் குறியீடும் வேண்டும். சில பெட்டிகள் அதைத் தாமாகச் சேர்க்கும், சிலவற்றில் நீங்கள் எழுத வேண்டும். இரண்டு இடத்திலும் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிடிஎம்எஃப் முறையில் + வராது, பெயரும் வராது. அதில் முதல் இலக்கம் மட்டும் காணாமல் போனால், கார்டு கேட்கத் தயாராகுமுன் ஏடிஏ அனுப்பத் தொடங்கிவிட்டது என்று பொருள். தொடக்கத் தாமதத்தைக் கூட்டுங்கள்.

கேள்வி: காலையில் ஒழுங்காக வருகிறது. அழைப்புகள் நெருக்கும் நேரத்தில் சிலவற்றுக்கு எண் இல்லை. பேசும்போது நடுவில் 'பீப்' கேட்கிறது.

ஏடிஏவில் கால் வெயிட்டிங் (பேசும்போதே அடுத்த அழைப்பைத் தெரிவிக்கும் வசதி) இயங்குகிறது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் போர்ட்டிலேயே இரண்டாவது அழைப்பும் வருகிறது. அப்போது ஏடிஏ 2130, 2750 ஹெர்ட்ஸ் ஒலிகளைச் சேர்த்து அனுப்பி, எதிரிலிருந்து பதில் டோனுக்குக் காத்திருக்கும். ட்ரங்க் கார்டு அந்தப் பதிலைத் தராது. எல்லா போர்ட்டுகளிலும் கால் வெயிட்டிங்கை நிறுத்துங்கள். இரண்டாவது அழைப்பு அடுத்த லைனுக்குத் தாவும்படி (இதற்கு ஹண்டிங் என்று பெயர்) நிறுவனத்திடம் அமைக்கச் சொல்லுங்கள். ஏடிஏவில் தனி ரிங் வடிவம் ஏதாவது வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். மணிகளுக்கு நடுவே உள்ள குறுகிய இடைவெளியில் தரவு அடங்காது.

கேள்வி: வெளியே அழைக்கும்போது ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் அதனதன் எண் தெரிய வேண்டும். முடியுமா அண்ணா?

அனலாக் லைனில் முடியாது. எந்த எக்ஸ்டென்ஷன் அழைக்கிறது என்று ஏடிஏவிடம் சொல்ல அந்தக் கம்பியில் வழியே இல்லை. போர்ட்டுக்குப் பதிவான எண்தான் போகும். உங்கள் பெட்டியில் பிஆர்ஐ (பல அழைப்புகளைச் சுமக்கும் டிஜிட்டல் லைன்) கார்டு இருந்தால், இரண்டையும் இணைக்கும் எஸ்ஐபி-பிஆர்ஐ கேட்வே வைத்துச் செய்யலாம். பிபிஎக்ஸ் அனுப்பும் அழைப்பவர் எண்ணை கேட்வே எஸ்ஐபி செய்தியில் எழுதும். அந்த எண்கள் எல்லாம் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். இல்லாதவற்றை நிறுவனம் மறுக்கும், அல்லது தலைமை எண்ணாக மாற்றிவிடும்.

கேள்வி: எல்லா மேசைத் தொலைபேசிகளிலும் நேரம் பல மணி நேரம் தவறாகக் காட்டுகிறது. காலர் ஐடிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பெல், வி.23 முறைகளில் காலர் ஐடி தரவோடு தேதியும் நேரமும் சேர்ந்தே வருகின்றன. பல கருவிகள் அதை வைத்துத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். ஏடிஏவில் நேர மண்டலத்தையும் இணையத்திலிருந்து சரியான நேரத்தைத் தரும் என்டிபி சர்வரையும் சரிசெய்யுங்கள். அடுத்த அழைப்பிலேயே நேரம் ஒழுங்காகிவிடும்.